தாழமேட்டின் செயல் அலுவலர்

காணாமல் போனவரைத் தேடச் சொல்லி வருகிறவர்கள் புகைப்படத்தோடு வருவார்கள். செந்தமிழ்செல்வன் ஒரு தீர்மான நகலோடு வந்திருந்தார்.

கடலூர் முதுநகரில், ரயில்வே ஜங்ஷனுக்கு எதிர்ச் சந்தில், மீன்வலைக் கடை ஒன்றின் மாடியில் இருந்தது பிரிசில்லாவின் துப்பறியும் அலுவலகம். பதினோரு வருஷம் ஒரு வக்கீலிடம் உள்ளாட்சி வழக்குகளுக்கு மனு எழுதிக் கொடுத்துவிட்டு, நாற்பது வயதில் தனியாகப் போர்டு மாட்டியவள். அவளுக்கு இருந்த ஒரே உதவியாளன் பக்கிரி. முன்னாள் பஸ் கண்டக்டர். பஸ்ஸை விட்டு இறங்கி ஆறு வருஷமாகியும் அவன் வாய் மட்டும் படிக்கட்டிலேயே தொங்கிக்கொண்டு வந்தது.

"எங்க மாமா காணாமப் போயி இன்னியோட ஒம்போது நாள் மேடம்," என்றார் செந்தமிழ்செல்வன். மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. ரோடு, கால்வாய் வேலை எடுத்துச் செய்கிற காண்ட்ராக்டர். "எங்கக்கா அருள்மொழியோட வீட்டுக்காரரு. பேரு காத்தவராயன். தாழமேடு ஊராட்சியில அஞ்சு வருஷம் தலைவரா இருந்தாரு. எலெக்‌ஷன் இன்னும் வரல. இந்த வருஷ ஆரம்பத்தோட பதவி முடிஞ்சிது."

"பதவி முடிஞ்சவங்க காணாமப் போறது சகஜந்தான சார்? எங்க வார்டுல ஜெயிச்ச மறுநாளே காணாமப் போனாங்க," என்றான் பக்கிரி.

பிரிசில்லா அவனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் டீ கிளாஸை எடுக்கப் போனான்.

விஷயம் இதுதான். சிப்காட் தொழிற்பேட்டைக்குத் தெற்கே இருந்தது தாழமேட்டு ஏரி. ஒரு ரசாயனக் கம்பெனி தன் கழிவுச் சேற்றை அதில் கொட்ட அனுமதி கேட்டது. ஐந்து வருஷமும் காத்தவராயன் முடியாது என்றார். அவர் பதவி போன பிறகு, போன டிசம்பர் தேதியிட்ட தீர்மான நகல் ஒன்று திடீரென்று முளைத்தது. ஏரியைக் கொடுக்க ஊராட்சி சம்மதிக்கிறது என்று அதில் இருந்தது. அடியில் தலைவர் காத்தவராயனின் கையெழுத்து.

"இன்னிக்கு நாலு மணிக்குக் கலெக்டர் ஆபீஸ்ல விசாரணை. மாமா நேர்ல வந்து இது என் கையெழுத்து இல்லன்னு சொல்லலன்னா ஏரி போச்சு மேடம். ஊரு முழுக்க அவரு காசு வாங்கிட்டு ஓடிட்டதாப் பேசுது. எங்கக்கா சோறு தின்னு நாலு நாள் ஆவுது."

"தீர்மானப் புத்தகம் எங்க? நகலு பொய்யின்னா அசல்ல தெரிஞ்சிடுமே?"

"அதுவும் காணோம். பம்பு ஆபரேட்டர் சிங்காரந்தான் ஆபீஸ் சாவி வச்சிருந்தாரு. பத்து நாளைக்கு முன்ன அவரு ஏரியில வழுக்கி விழுந்து செத்துட்டாரு. எங்க ஈ.ஓ. இளவரசுகிட்ட கேட்டா எனக்கு எதுவும் தெரியாதுங்குறாரு."

பக்கிரிக்கு நாக்கின் நுனிவரை ஒரு கிண்டல் வந்தது. சொல்லவில்லை. முப்பது வருஷம் அந்த ஏரியில் மோட்டார் போட்ட மனுஷன் அதே ஏரியில் வழுக்கி விழுந்தான் என்பதில் சிரிக்க ஒன்றும் இல்லை.

பிரிசில்லா நகலைப் படித்தாள். இடப்பக்கம் 'தலைவர்' என்று காத்தவராயன் கையெழுத்து. வலப்பக்கம் 'செயல் அலுவலர், தாழமேடு ஊராட்சி' என்று இளவரசு கையெழுத்து. அவள் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"வேற ஏதாவது கெடச்சிதா?"

செந்தமிழ்செல்வன் ஒரு டைரித் தாளை நீட்டினார். காத்தவராயன் கையால் எழுதியது: 'சிதம்பரம். க.மூ. சார். இரண்டாம் பிரிவு.'

"ரெண்டாம் பிரிவுன்னு ஒரு தெரு இருக்கான்னு மூணு நாளா சிதம்பரத்தச் சுத்தினேன் மேடம். கெடயாது."

"பக்கிரி, கார எடு," என்றாள் பிரிசில்லா.

அவன் கீழே போய் பழைய ஆல்ட்டோவை முக்கி முனகவைத்து முன்னால் கொண்டுவந்து நிறுத்துவதற்குள் அவளும் இறங்கி வந்துவிட்டாள். மாடிக் கைப்பிடிச் சுவரைப் பிடித்தபடி செந்தமிழ்செல்வன் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

சிப்காட்டைத் தாண்டும்போது கண்ணாடியை ஏற்றியும் அழுகிய முட்டை நாற்றம் உள்ளே வந்தது. வானம் மழைக்கும் இல்லாமல் வெயிலுக்கும் இல்லாமல் ஈயத் தகடு மாதிரி தாழ்ந்து கிடந்தது.

"தெரு இல்ல, சந்து இல்ல. அப்ப என்னா மேடம் அந்த ரெண்டாம் பிரிவு?"

"ஊராட்சிச் சட்டத்துல ரெண்டாம் பிரிவு. எந்தச் சட்டமா இருந்தாலும் மொதல்ல பேரு வரும். அடுத்து யாரு யாரு, எது எதுன்னு வெளக்கம் வரும். ஊராட்சின்னா என்ன, தலைவர்னா யாரு, கிராம சபைன்னா யாரெல்லாம்."

"கல்யாணப் பத்திரிகையில மொதல்ல புள்ளையாரு, அப்பறம் மாப்ள யாரு பொண்ணு யாருன்னு போடுவாங்களே, அதுவா?"

"அதேதான். அதுல பேரு மாறிப்போனா கல்யாணமே மாறிப்போயிடும். புதுசா ஜெயிச்ச தலைவருங்களுக்கு அந்தக் காலத்துல சிதம்பரத்துல ஒருத்தர் வகுப்பு எடுப்பாரு. எந்த வகுப்பா இருந்தாலும் ரெண்டாம் பிரிவுலதான் ஆரம்பிப்பாராம். எங்க வக்கீல் அடிக்கடி சொல்லுவாரு. பேரு கலியமூர்த்தி."

"க.மூ. சார்!"

"வீடு எங்கன்னு தெரியாது. கண்டுபிடிக்கணும்."

புதுச்சத்திரத்தில் டீக்கு நிறுத்தினான். அந்த நகலை இன்னும் இரண்டு பிரதி எடுக்க பிரிசில்லா எதிரிலிருந்த ஜெராக்ஸ் கடைக்குப் போனாள். அப்போது பக்கிரியின் போன் அடித்தது. செந்தமிழ்செல்வன்.

"பண்ருட்டி போய்ச் சேந்தாச்சா?"

"பண்ருட்டியா? நாங்க எதுக்கு சார் பலாப்பழ ஊருக்குப் போறோம்? சிதம்பரம் போற வழியில புதுச்சத்திரத்துல டீ குடிச்சிட்டிருக்கோம். கவலப்படாதீங்க, உங்க மாமாவ மதியச் சாப்பாட்டுக்குள்ள கண்ணுல காட்டுறோம்."

மறுமுனையில் வண்டிக் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. பிறகு, "ரொம்ப சந்தோஷம் தம்பி," என்றார்.

சிதம்பரம் கீழ வீதியில் சட்டப் புத்தகம் விற்கிற கடை ஒன்றுதான். பிரிசில்லா 'இரண்டாம் பிரிவு' என்று சொல்லி வாயை மூடுவதற்குள் கடைக்காரர் சிரித்துவிட்டார்.

"கலியமூர்த்தி சாரா? குளக்கரைத் தெருவுல பச்சக் கதவு வீடு. ஒண்டிக்கட்ட. ஆனா சாருக்கு இந்த வயசுல திடீர்னு பசி வந்துடுச்சும்மா. ஒரு வாரமா பக்கத்து மெஸ்ஸுல ரெண்டு பார்சல் வாங்கிட்டுப் போறாரு."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

குளக்கரைத் தெரு உச்சிப்பொழுதிலும் ஆளரவம் இல்லாமல் இருந்தது. பாசி பிடித்த குளத்தின் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு வரிசையாக ஓட்டு வீடுகள். பச்சைக் கதவைத் தட்டினார்கள். பக்கத்து ஜன்னல் ஒரு விரற்கடை திறந்தது. உள்ளேயிருந்து கறாரான ஒரு கிழக்குரல்.

"யாரு?"

"காத்தவராயன் ஐயாவப் பாக்கணும் சார். அவருக்கு நல்லது செய்ய வந்திருக்கோம்," என்றாள் பிரிசில்லா.

"எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க. தாழமேட்டுக்குச் செயல் அலுவலர் யாரு? சொல்லு."

நகலில் பார்த்த பெயர் பக்கிரியின் நினைவில் இருந்தது. 'இள' என்று வாயைத் திறந்தான். பிரிசில்லா அவன் கையை அழுத்தினாள்.

"அப்படி ஒரு ஆளே கெடயாது சார். செயல் அலுவலர்ங்கிற பதவி பேரூராட்சிக்குத்தான். கிராம ஊராட்சியில அந்த அதிகாரம் தலைவருக்கு. தலைவரோட காலம் முடிஞ்சிட்டதால இப்ப அரசாங்கம் போட்ட தனி அலுவலருக்கு. இளவரசு ஊராட்சிச் செயலர். கணக்கு எழுதலாம், புத்தகம் பராமரிக்கலாம். செயல் அலுவலர்னு கையெழுத்துப் போட முடியாது."

மூன்று தாழ்ப்பாள்கள் ஒன்றன்பின் ஒன்றாக விலகின.

கலியமூர்த்திக்கு எழுபத்தைந்து இருக்கும். முட்டி வலியால் ஒரு பக்கமாகச் சாய்ந்து நடந்தார். பின்னறையில் லுங்கியும் ஒன்பது நாள் தாடியுமாக உட்கார்ந்திருந்தார் காத்தவராயன். மடியில் சிவப்புத் துணி அட்டை போட்ட தடிமனான தீர்மானப் புத்தகம். குழந்தையை வைத்திருப்பதுபோல இரண்டு கையாலும் அதைப் பிடித்திருந்தார்.

"யாரு உங்கள அனுப்புனது?"

"உங்க மச்சான்தான் சார். செந்தமிழ்செல்வன்," என்றான் பக்கிரி உற்சாகமாக.

காத்தவராயன் புத்தகத்தை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு எழுந்தார். எழுந்தவர் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"அவனா? அவனுக்குப் பயந்துதான தம்பி நான் இங்க ஒளிஞ்சிருக்கேன்!"

காத்தவராயன் தணிந்த குரலில் சொன்னார்.

"ஏரிக்கரைக்கு ரோடு போடுற வேலய அந்தக் கம்பெனி எம் மச்சானுக்குத் தர்றதாச் சொல்லியிருக்கு. பொய் நகலு வெளிய வந்த அன்னிக்கே சிங்காரம் பயந்துபோயி இந்தப் புத்தகத்த ராத்திரியோட எங்கிட்ட கொண்டாந்து குடுத்தான். குடுத்தது அவனுக்கும் எனக்கும் மட்டுந்தான் தெரியும். மறுநாள் ஏரியில பொணமாக் கெடந்தான். அன்னிக்குச் சாயங்காலமே செந்தமிழு வந்து, 'புத்தகத்தக் குடு மாமா'ன்னு கை நீட்டுறான். செத்தவன் சொல்லாம அவனுக்கு எப்படித் தெரியும்?"

"போலீஸ்ல சொல்லியிருக்கலாமே சார்?" என்றான் பக்கிரி.

"என்னான்னு சொல்றது? எம்பொஞ்சாதிக்கு அவன் ஒரே தம்பி. அவதான் தூக்கி வளத்தா. அவகிட்ட மொதல்ல என்னான்னு சொல்றது?"

பிரிசில்லா ஆச்சரியப்படவில்லை. "காலையில பேசுறப்பவே எனக்கு உறுத்துச்சு," என்றாள். "அந்தாளு இளவரச 'எங்க ஈ.ஓ.'ன்னாரு. ஈ.ஓ.ன்னா செயல் அலுவலர். தாழமேட்டுக்காரங்க யாரும் அப்படிச் சொல்ல மாட்டாங்க, கிளார்க்குன்னுதான் சொல்லுவாங்க. பேரூராட்சியில வேல எடுத்துப் பழகுன வாயி அது. நகல எழுதுன கையும் அதே தப்பத்தான் பண்ணியிருக்கு. ஆனா ஒரு வார்த்தைய வச்சு ஒருத்தன் மேல கொலப்பழி போடக் கூடாதுன்னு வெளிய சொல்லல. பண்ருட்டி முந்திரி மண்டியில தேடப் போறேன்னு அந்தாளுகிட்ட சொல்லிட்டுத்தான் கீழ எறங்கினேன். அவரு இப்ப அங்கதான் நிப்பாரு."

பக்கிரிக்குப் புதுச்சத்திரத்து டீ இன்னும் நாக்கில் இருந்தது.

"மேடம்," என்றான். "அவரு போன் பண்ணாரு. நான் சிதம்பரம்னு சொல்லிட்டேன்."

யாரும் அவனைத் திட்டவில்லை. அதுதான் அவனுக்குத் தாங்கவில்லை. கலியமூர்த்தி ஜன்னல் இடுக்கில் கண்ணை வைத்தார்.

"சாம்பல் கலர் பொலீரோ ஒண்ணு தெருமுனையில நிக்குற ஆல்ட்டோகிட்ட நின்னுட்டு இந்தப் பக்கம் திரும்புது. மெதுவா ஒவ்வொரு கதவாப் பாத்துட்டு வருது."

"பின்னால வழி இருக்கா சார்?"

"கொல்லைக் கதவு. குளத்தச் சுத்திப் போனா ஆட்டோ ஸ்டாண்டு. என்னால அவ்ளோ தூரம் நடக்க முடியாதும்மா."

"நீங்க ரெண்டு பேரும் போங்க மேடம்," என்றான் பக்கிரி. "போலீசுக்குப் போன் போட்டுக்கிட்டே போங்க. நான் பெரியவரோட இருக்கேன். வாயாலதான கெடுத்தேன்."

"பக்கிரி..."

"போங்க மேடம்."

கொல்லைக் கதவு சாத்தப்படுவதற்கும் முன்கதவு தட்டப்படுவதற்கும் நடுவில் ஒரு நிமிஷம்கூட இல்லை. அதற்குள் பக்கிரி கலியமூர்த்தியின் காதில் ஏதோ சொன்னான். கிழவர் குளியலறைக்குள் போய்த் தாழிட்டுக்கொண்டு குழாயைத் திறந்துவிட்டார். பக்கிரி போனில் பதிவை ஓடவிட்டுச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, கதவைத் திறந்து பல்லைக் காட்டினான்.

"வாங்க சார், வாங்க! இப்பத்தான் போன் பண்ணலாம்னு எடுத்தேன்."

செந்தமிழ்செல்வனுக்குப் பின்னால் இரண்டு பேர். ஒருவன் கதவைச் சாத்தி அதில் முதுகைக் கொடுத்து நின்றான்.

"மாமா எங்க?"

"குளிக்கிறாரு சார். ஒம்போது நாள் அழுக்கு. மேடம் சாப்பாடு வாங்கப் போயிருக்காங்க." குளியலறைக்குள் தண்ணீர் சத்தத்துக்கு நடுவே ஓர் இருமல் கேட்டது. "ஆனா சார், மாமா ரொம்ப பயந்து கெடக்குறாரு. யார் வந்தாலும் ஒரு கேள்வி கேக்கச் சொல்லியிருக்காரு. தாழமேட்டுக்குச் செயல் அலுவலர் யாருன்னு."

"இது ஒரு கேள்வியா? இளவரசு."

"நெஜமாவா சார்? அப்படி ஒரு பதவி ஊராட்சியில இல்லங்குறாரே மாமா."

"இல்லாமயா நான் பேரப் போட்டு..." சொல்ல வந்தவன் நிறுத்திக்கொண்டான். பக்கிரியை மேலிருந்து கீழாகப் பார்த்தான். முகத்தில் கோபமே இல்லை. நாற்காலியை இழுத்துக் குளியலறைக்கு நேரெதிரே போட்டு உட்கார்ந்தான்.

"குளிக்கட்டும். மெதுவாக் குளிக்கட்டும்."

ஐந்து நிமிஷம் போனது. பக்கிரி பேசினான். பஸ்ஸில் பிறந்த குழந்தையைப் பற்றி, பாதி டிக்கெட் எடுத்த பாகவதரைப் பற்றி, எதையெதையோ. மூன்று பேரும் அவனைப் பார்த்தபடி இருந்தார்கள். ஒருவர்கூடச் சிரிக்கவில்லை.

"சிங்காரமும் இப்படித்தான்," என்றான் செந்தமிழ்செல்வன் திடீரென்று. "புத்தகத்த எடுத்தாறேன், எடுத்தாறேன்னு கரையில ஒரு மணி நேரம் நிக்க வச்சான். கடசியிலதான் சொன்னான், அது மாமாகிட்ட இருக்குன்னு. ஜாஸ்தி பேசுறவன எனக்குப் புடிக்காது தம்பி."

அப்போதுதான் குளியலறைக் கதவின் அடியிலிருந்து தண்ணீர் வழிய ஆரம்பித்தது. வாளி நிரம்பி, தரை நிரம்பி, யாரும் மொண்டு ஊற்றாத தெளிந்த தண்ணீர். அது செந்தமிழ்செல்வனின் செருப்பை நனைத்தது. அவன் குனிந்து அதைப் பார்த்தான். சோப்பு நுரை ஒரு பொட்டுகூட இல்லை.

"கொல்லப் பக்கம் ஓடுங்கடா!"

பக்கிரி பாய்ந்து கொல்லைக் கதவை மறித்தான். கத்தி வந்தது தெரியவில்லை. இடது முழங்கையில் நெருப்பு வைத்ததுபோல இருந்தது. விழுந்தவன் ஒருத்தனின் காலைக் கட்டிக்கொண்டான். தலையில் உதை விழுந்தது. விடவில்லை. பச்சைக் கதவு உடைந்து உள்பக்கமாகச் சாய்ந்தபோதும், காக்கிக் கால்கள் அவனைத் தாண்டி ஓடியபோதும், அந்தக் காலை அவன் விடவில்லை. ஒரு சப்-இன்ஸ்பெக்டர் வந்து விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்கவேண்டியிருந்தது.

கையில் ஏழு தையல். நாலரை மணிக்கு சப்-இன்ஸ்பெக்டரின் ஜீப்பிலேயே பக்கிரி கடலூர் கலெக்டர் அலுவலகத்துக்கு வந்து சேர்ந்தான். உள்ளே விசாரணை நடந்துகொண்டிருந்தது. அவன் கதவோரம் நின்றான்.

"செயல் அலுவலர்னு போட்டது வெறும் தட்டச்சுப் பிழை சார்," என்றார் கம்பெனி வக்கீல். "அதுக்காகத் தீர்மானம் பொய்யாகிடாது. மேலும் இவர் இப்போ தலைவரே இல்ல. எந்தத் தகுதியில இங்க பேசுறாரு?"

தாடி மழிக்காத காத்தவராயன் எழுந்தார். சிவப்புப் புத்தகத்தை அதிகாரியின் மேசையில் வைத்தார்.

"அய்யா, அந்தத் தேதியில எங்க ஊராட்சியில கூட்டமே நடக்கல. பக்கத்தப் புரட்டிப் பாருங்க. தலைவர் பதவிக்கு அஞ்சு வருஷந்தான். முடிஞ்சிபோச்சு, ஒத்துக்குறேன். ஆனா வாக்காளர் பட்டியல்ல பேரு இருக்குற ஒவ்வொருத்தரும் கிராம சபைதான். அதுக்குக் காலம் கெடயாது. இந்த ஏரியக் குடுக்க மாட்டோம்னு சொல்ல எனக்கு அந்தத் தகுதி போதும்."

அதிகாரி பக்கம் பக்கமாகப் புரட்டினார். நகலை எடுத்து ஓரமாக வைத்தார். இதன்மேல் எந்த உத்தரவும் இல்லை, காவல்துறை விசாரணைக்கு அனுப்பப்படுகிறது என்று எழுதினார்.

வெளியே வேப்பமரத்தடியில் அருள்மொழி நின்றிருந்தாள். புருஷனைக் கண்டதும் ஓடிவந்து அவர் மார்பில் இரண்டு கையாலும் அடித்தாள். பிறகு அந்தக் கைகளாலேயே அவர் முகத்தைத் தடவித் தடவிப் பார்த்தாள். அழுகையும் சிரிப்புமாக மூச்சு வாங்கியது. காத்தவராயன் அவள் தலைக்கு மேலே பிரிசில்லாவைப் பார்த்தார். எப்படிச் சொல்வது என்று அவருக்கு இப்போதும் தெரியவில்லை.

"இரு, இரு," என்றாள் அருள்மொழி. முந்தானையில் கண்ணைத் துடைத்துக்கொண்டு இடுப்பிலிருந்து போனை எடுத்தாள். "மொதல்ல தம்பிக்குச் சொல்லணும். அவந்தான் சோறு தண்ணி இல்லாம ஒன்னத் தேடி அலஞ்சான்."

நம்பரைப் போட்டுக் காதில் வைத்துக்கொண்டு, சிரித்த முகத்தோடு காத்திருந்தாள்.

பக்கிரிக்குப் பக்கத்தில் நின்ற சப்-இன்ஸ்பெக்டரின் கையில், சீல் வைத்த பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு போன் அதிர்ந்து ஒலித்தது. திரையில் 'அக்கா' என்று எழுத்து மின்னியது.

அருள்மொழி சத்தம் வந்த பக்கம் திரும்பினாள்.